வைட்டான் எதைத் தாங்கும், எதில் கெடும்: ஃப்ளோரின் ரப்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்ப், வால்வு, எஞ்சின், கெமிக்கல் டேங்க் என்று எங்கே கசிவு வந்தாலும் "பேசாம வைட்டான் போட்டுடுங்க" என்பதுதான் முதல் யோசனையாக வருகிறது. பல இடங்களில் அது சரிதான். ஆனால் விலை குறைந்த நைட்ரைல் ரப்பரில் செய்த ஓ-ரிங் (கசிவை அடைக்கும் வளையம்) வருடக்கணக்கில் ஓடிய இடத்தில், காசு கூடக் கொடுத்துப் போட்ட வைட்டான் சீக்கிரமே வெடித்துப் போவதும் உண்டு. பராமரிப்பு வேலையில் இருப்பவர்களும் உதிரிபாகம் வாங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எஃப்.கே.எம்., எஃப்.பி.எம்., வைட்டான் மூன்றும் ஒன்றுதானா?

நடைமுறையில் ஒன்றுதான். எஃப்.கே.எம். என்பது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு இந்த ரப்பர் குடும்பத்துக்குக் கொடுத்த குறியீடு. எஃப்.பி.எம். ஐரோப்பாவில் புழங்கிய பழைய குறியீடு. ஜெர்மன் பம்புகளின் உதிரிபாகப் பட்டியலில் இன்னும் பார்க்கலாம். வைட்டான் என்பது வணிகப் பெயர். 1957-இல் டூபாண்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2015-இல் டூபாண்டிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் நிறுவனத்திடம் அந்தப் பெயர் இப்போது இருக்கிறது. ஜப்பானின் டைக்கின் இதே குடும்பத்து ரப்பரை டை-எல் என்ற பெயரில் விற்கிறது. டெக்னோஃப்ளான் என்று இன்னொன்று உண்டு. இந்தியாவில் குஜராத் ஃப்ளோரோகெமிக்கல்ஸ் தயாரிக்கிறது.

"ஒரிஜினல் வைட்டான் சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் அது பாதி விஷயம்தான். இந்த நிறுவனங்கள் விற்பது பச்சை ரப்பரை, அதாவது இன்னும் பதப்படுத்தாத மூல ரப்பரை. அதில் கார்பன் பிளாக், நிரப்பிகள், க்யூரிங் மருந்து (சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ரப்பரை உறுதியாக்குவது) எல்லாம் கலந்து அச்சில் வார்ப்பவர் வேறொருவர். நல்ல பச்சை ரப்பரில் மலிவான நிரப்பியை அள்ளிக் கொட்டினால் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

வினைலிடீன் ஃப்ளோரைடும் ஹெக்சாஃப்ளோரோபுரொப்பிலீனும் சேர்ந்தது அடிப்படை வகை. அதன் எடையில் சுமார் 66 சதவீதம் ஃப்ளோரின். மூன்றாவதாக டெட்ராஃப்ளோரோஎத்திலீனையும் சேர்த்தால் ஃப்ளோரின் 68, 70 சதவீதம் வரை ஏறும். இந்த மூன்றாவது பொருள் மட்டும் தனியாகச் சங்கிலியானால் அதுதான் நமக்குத் தெரிந்த டெஃப்ளான். அது படிகமாக இறுகிவிடும் பிளாஸ்டிக், ரப்பர் அல்ல. ஹெக்சாஃப்ளோரோபுரொப்பிலீனின் பக்கக் கிளை குறுக்கே வந்து அந்த ஒழுங்கைக் குலைப்பதால்தான் சங்கிலி நெளிந்து கொடுக்கிறது.

வினைலிடீன் ஃப்ளோரைடில் ஃப்ளோரினோடு ஹைட்ரஜனும் இருக்கிறது. கீழே வரும் பலவீனங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வெப்பத்தை இவ்வளவு தாங்குவது எப்படி?

கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 485 கிலோஜூல் வேண்டும். கார்பன்–ஹைட்ரஜனுக்கு 413 சுமார். போதாக்குறைக்கு, ஃப்ளோரின் அணுக்கள் கார்பன் முதுகெலும்பைச் சுற்றி அடைத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே நெருங்க விடுவதில்லை. நைட்ரைல் ரப்பரில் இருப்பதுபோல முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பும் இல்லை. அதனால் ஓசோனும் வெயிலும் இதை ஒன்றும் செய்வதில்லை.

200 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து ஓடலாம். அதற்கு மேல் போனால் ஆயுள் மணிக்கணக்கில் வந்துவிடும்: 232 டிகிரியில் சுமார் 3,000 மணி நேரம், 260-இல் 1,000, 288-இல் 240, 316-இல் 48. தயாரிப்பாளர்கள் நெடுநாளாகக் கொடுத்துவரும் வழிகாட்டி எண்கள் இவை. கேட்லாக்கில் "300 டிகிரி வரை" என்று பார்த்தால், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், சாதாரண நைட்ரைல் 100–120 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும்.

குளிரில் எப்படி?

இங்கேதான் சரிவு. அடிப்படை வகை சுமார் மைனஸ் 17 டிகிரியிலேயே சுருண்டு மீளும் குணத்தை இழந்துவிடுகிறது. ஃப்ளோரினைக் கூட்டக் கூட்ட ரசாயனத் தாங்கும் திறன் ஏறும், குளிர் தாங்கும் திறன் இறங்கும். 70 சதவீத வகை மைனஸ் 7-க்குப் பக்கத்திலேயே விறைத்துப்போகும். குளிருக்கென்றே ஈதர் கிளை சேர்த்துச் செய்த ஜி.எல்.டி. வகை மைனஸ் 30 வரை போகும், விலையும் கூடவே போகும்.

கேட்லாக் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு சேலஞ்சர் விண்வெளி ஓடத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறிய அந்த ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட் இணைப்புகளில் இருந்தவை ஃப்ளோரின் ரப்பர் ஓ-ரிங்குகள், சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். ஏவும்போது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி. ரப்பர் உறைந்துபோகும் எல்லை அதற்கு வெகு கீழே இருந்தது. அது கண்ணாடியாகவும் ஆகவில்லை, உடையவும் இல்லை. ஆனால் மந்தமாகிவிட்டது. எரிபொருள் பற்றியதும் இணைப்பு அரை நொடி அளவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விரிகிறது. நசுங்கிக் கிடக்கும் ஓ-ரிங் அந்த நேரத்துக்குள் எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். சுமார் 24 டிகிரியில் எழும்பும் வேகம், மைனஸ் 1 டிகிரியில் எழும்பும் வேகத்தைப்போல ஐந்து மடங்கு என்று விசாரணை ஆணையம் பதிவு செய்தது. அதன் உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், கவ்வியில் அழுத்திய ஓ-ரிங் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பாததை எல்லார் முன்னாலும் காட்டினார்.

பிறகு வந்த புதிய வடிவமைப்பிலும் ஃப்ளோரின் ரப்பர்தான் இருந்தது. மூன்றாவது ஓ-ரிங் ஒன்றையும், இணைப்பைக் கதகதப்பாக வைக்கும் ஹீட்டர்களையும் சேர்த்தார்கள். அசையாத ஃப்ளாஞ்சுக்குப் பொருந்தும் குளிர் எல்லை, சட்டென்று விரியும் இணைப்புக்குப் பொருந்தாது.

எந்தெந்தத் திரவங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்?

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், மினரல் ஹைட்ராலிக் ஆயில், கிரீஸ், சிலிக்கோன் ஆயில். பென்சீன், டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களில் நைட்ரைல் ஊதிப்போகும், இது நிற்கும். டிரைகுளோரோஎத்திலீன், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் கரைப்பான்களிலும் அப்படியே. வாயு ஊடுருவல் குறைவு என்பதால் உயர் வெற்றிடக் கருவிகளிலும் விரும்பிப் போடுகிறார்கள்.

அமிலங்கள்?

கனிம அமிலங்களில் பொதுவாக நல்ல பெயர். 98 சதவீத சல்பியூரிக் அமிலம் சாதாரண ரப்பரைக் கரித்துவிடும். ஃப்ளோரின் ரப்பர் சாதாரண வெப்பநிலையில் தாங்கும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பரவாயில்லை, சூடாக இல்லாதவரை. சூடான, நீர்த்த அமிலம் அடர் அமிலத்தைவிட மோசமாக நடந்துகொள்ளும் நேரங்கள் உண்டு, ஏனென்றால் அங்கே கெடுதல் செய்வது தண்ணீர். அடர் அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் இரண்டும் கூடவே கூடாது. "அமிலத்துக்கு வைட்டான்" என்று மொத்தமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மாட்டுகிறார்கள்.

அசிட்டோன் பட்டால் ஏன் ஊதுகிறது? இவ்வளவு விலை கொடுத்தும்?

வினைலிடீன் ஃப்ளோரைடின் ஒரு பக்கம் ஃப்ளோரின், மறுபக்கம் ஹைட்ரஜன். அதனால் சங்கிலியில் மின் முனைவு இருக்கிறது. அசிட்டோன், எம்.இ.கே., எத்தில் அசிட்டேட், டி.எச்.எஃப். எல்லாமே முனைவுள்ள சிறிய மூலக்கூறுகள். இந்தச் சங்கிலிகளுக்கு நடுவே சுலபமாகப் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். க்யூர் ஆகாத பச்சை ரப்பர் அசிட்டோனில் கரைந்தே போகும். க்யூர் ஆனது கரையாது, பருமனில் இரண்டு மூன்று மடங்காக வீங்கும். எம்.இ.கே. நல்ல கரைப்பான் என்பதால் ஃப்ளோரின் ரப்பர் பூச்சுக் கரைசல் செய்யவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயின்ட், தின்னர், நெயில் பாலிஷ், ஒட்டுப்பசை தயாரிக்கும் இடங்களில் இதைக் கவனியுங்கள். தின்னரில் டொலுயீன் மட்டும் இருந்தால் கவலையில்லை. பெரும்பாலான தின்னர்களில் அசிட்டோன், எம்.இ.கே. போன்ற கீட்டோனும் எத்தில் அசிட்டேட் போன்ற அசிட்டேட்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே ஈ.பி.டி.எம். என்ற இன்னொரு வகை ரப்பர் கீட்டோனைத் தாங்கும், டொலுயீனில் வீங்கும். இரண்டும் கலந்த தின்னருக்கு டெஃப்ளான் உறையிட்ட ஓ-ரிங் அல்லது முழு டெஃப்ளான் சீல்தான் கட்டுப்படியாகும் வழி.

காஸ்டிக் சோடா, அம்மோனியா?

வேண்டாம். அசிட்டோன் வீக்கத்தோடு விட்டுவிடும். அதை ஆவியாக விட்டால் ரப்பர் ஓரளவு பழைய நிலைக்கு வரும். காரம் மூலக்கூறையே மாற்றிவிடுகிறது. சங்கிலியில் இருக்கும் ஹைட்ரஜனைக் காரம் பிடுங்குகிறது. பக்கத்து ஃப்ளோரினும் அதோடு கழன்று ஹைட்ரஜன் ஃப்ளோரைடாக வெளியேறுகிறது. மிஞ்சுவது ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இரட்டைப் பிணைப்புகள் மேலும் மேலும் குறுக்கே பிணைந்து ரப்பரை இறுக்குகின்றன. கையில் எடுத்து வளைத்தால் மேற்பரப்பு வெடிக்கும். இதில் மீள வழியில்லை.

அம்மோனியாவின் உறவுக்காரச் சேர்மங்களான அமீன்கள் இந்த வேலையை இன்னும் திறமையாகச் செய்யும். வேடிக்கை என்னவென்றால், இந்த ரப்பரை முதன்முதலில் க்யூர் செய்யப் பயன்படுத்தியதே டைஅமீன்களைத்தான். மருந்தும் விஷமும் ஒன்றே, அளவுதான் வேறு. நவீன எஞ்சின் ஆயில்களில் அழுக்கை மிதக்க வைக்கச் சேர்க்கும் டிஸ்பர்சன்ட்கள் பல அமீன் வகை. கிராங்க்ஷாஃப்ட் ஆயில் சீல் வருடக்கணக்கில் சூட்டில் ஓடி உதடு கல்லாகிப் போவதற்கு வெப்பத்தோடு இந்த அமீனும் ஒரு காரணம். எண்ணெய்க் கிணறுகளில் துரு தடுக்கக் கலக்கும் அமீன் மருந்துகளும் இதே ரகம்.

திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளில் சூடான காஸ்டிக் ஓடும் லைன்களுக்கு ஈ.பி.டி.எம். போதும், விலையும் குறைவு. அம்மோனியாக் குளிர்பதன ஆலைகளுக்கு நியோப்ரீன் போன்றவை.

நீராவிக்கு?

எப்படி க்யூர் செய்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி பிஸ்ஃபீனால் க்யூர். அதில் மெக்னீசியம் ஆக்சைடும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கட்டாயம் இருக்கும். க்யூர் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. கொதிநீரிலும் நீராவியிலும் அமிலத்திலும் இந்த ஆக்சைடுகளே ஓட்டையாகின்றன. தண்ணீரை உள்ளே இழுத்து வீங்க வைக்கும்.

பெராக்சைடு க்யூர் வகையில் சங்கிலியிலேயே புரோமின் அல்லது அயோடின் தாங்கிய க்யூர் புள்ளிகள் இருக்கும், உலோக ஆக்சைடு இல்லாமலோ மிகக் குறைவாகவோ செய்யலாம். சுடுநீர், நீராவி, ஈரம் ஏறிய பயோடீசல் மூன்றுக்கும் அதுதான். ஆனால் வெறும் நீராவி லைன் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், ஈ.பி.டி.எம். போடுங்கள். நீராவியும் எண்ணெயும் மாறி மாறி வரும் இடத்தில்தான் பெராக்சைடு வகைக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இ20 பெட்ரோல் வந்துவிட்டது. பைக்கில் இருக்கும் ரப்பர் தாங்குமா?

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பெட்ரோலும் எத்தனாலும் கலந்தால், தனித்தனியாக இரண்டும் ரப்பரை வீங்க வைப்பதைவிடக் கலவை அதிகமாக வீங்க வைக்கும். நைட்ரைல் குழாய்களில் இது நன்றாகவே தெரியும். ஃப்ளோரின் ரப்பரிலும் சற்று வீக்கம் உண்டு, ஆனால் வேலை கெடும் அளவுக்குப் போகாது. ஃப்ளோரின் கூடுதலாக உள்ள வகையில் இன்னும் குறைவு. பெட்ரோல் ஆவி குழாய்ச் சுவர் வழியாகக் கசிவதும் இதில் குறைவு. அதனால்தான் இன்றைய எரிபொருள் ஹோஸ்கள் பலவற்றில் உள்பக்கம் மெல்லிய ஃப்ளோரின் ரப்பர் படலம், வெளியே விலை குறைந்த வேறு ரப்பர்.

மெத்தனால் வேறு கதை. 66 சதவீத வகையை மெத்தனாலில் ஊறப்போட்டால் பருமன் இரு மடங்கை நெருங்கும். 70 சதவீத வகை பத்து சதவீதம் சுமாருக்குள் அடங்கும். நாலு சதவீத ஃப்ளோரின் வித்தியாசம் இவ்வளவு செய்யும் இடம் வேறு எதுவும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஃப்ளோட் நீடில் நுனியில் இருக்கும் சிறிய ரப்பர் பெரும்பாலும் வைட்டான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். நீடிலைக் கழற்றாமல் உள்ளே அடித்தால் நுனி வீங்கி, "கிளீன் பண்ணியதிலிருந்துதான் ஓவர்ஃப்ளோ ஆகுது" என்ற புகார் வரும்.

பிரேக் ஆயிலுக்கும் ஏ.சி.க்கும் போடலாமா?

இரண்டுக்கும் கூடாது. டாட் 3, டாட் 4 பிரேக் திரவங்கள் கிளைக்கால் ஈதர் வகை, அங்கே ஈ.பி.டி.எம். வேண்டும். ஆர்-134ஏ குளிர்பதன வாயு ஃப்ளோரின் சேர்ந்தது, ரப்பரும் ஃப்ளோரின் சேர்ந்தது. இனம் இனத்தோடு சேர்ந்து, வாயு ரப்பருக்குள் கரைந்து வீங்க வைக்கும். அதற்கு எச்.என்.பி.ஆர். (ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர்). விமானங்களில் ஓடும் ஸ்கைட்ரால் ஹைட்ராலிக் திரவமும் விலக்கப்பட்ட பட்டியலில்தான்.

பிரவுன் கலர் என்றால் வைட்டான், கருப்பு என்றால் நைட்ரைல். சரிதானே?

இல்லை. நிறம் வார்ப்பவர் விருப்பம். கருப்பு வைட்டான் தாராளமாக உண்டு. பிரவுன் சாயம் போட்ட வேறு ரப்பரும் உண்டு. பச்சை வைட்டானும் உண்டு, பச்சை எச்.என்.பி.ஆரும் உண்டு.

நம்பத்தக்க எளிய சோதனை அடர்த்தி. ஃப்ளோரின் ரப்பர் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராமுக்கு மேல் இருக்கும். நைட்ரைல் பொருள்கள் 1.2, 1.3-க்குள் அடங்கும். நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசு ஒன்றும், ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். காற்றில் எடை எடுங்கள். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடுங்கள். முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கனமான நிரப்பி போட்டு ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் 1.3 வந்தால் அது வைட்டான் இல்லை என்பது உறுதி. கொளுத்திப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காரணம் கடைசிக் கேள்வியில்.

கழற்றிய சீலைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். பெருத்து, மெத்தென்று ஆகியிருந்தால் கரைப்பான் பொருந்தவில்லை. இறுகி, மேலே மயிரிழை வெடிப்புகள் இருந்தால் காரம், அமீன் அல்லது மிதமிஞ்சிய சூடு. வட்டமாக இருந்தது ஆங்கில 'D' எழுத்துபோலத் தட்டையாகிப் போயிருந்தால் நிரந்தர அழுத்த உருமாற்றம். பலமுறை இதற்குக் காரணம் போஸ்ட் க்யூர் செய்யாமல் விற்றது. நல்ல வார்ப்பகத்தில் அச்சிலிருந்து எடுத்த பிறகு 200 டிகிரிக்கு மேல் 16 முதல் 24 மணி நேரம் அடுப்பில் வைப்பார்கள். மின்சாரச் செலவு என்று அதைச் சுருக்குபவர்களும் இருக்கிறார்கள்.

உள்ளே கொப்புளமும் பிளவும் இருந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கிய வேகத்தில் உள்ளே கரைந்திருந்த வாயு பொங்கி வெளிவந்திருக்கிறது. கார்பன் டைஆக்சைடு லைன்களில் இது அதிகம். அங்கே கடினத்தன்மை 90 ஷோர் ஏ உள்ள, அதற்கென்றே சோதித்த வகையைக் கேளுங்கள். பள்ளத்திலிருந்து பிதுங்கி ஓரம் கடிபட்டிருந்தால் ரப்பர்மேல் பழி போடாதீர்கள். சூடேறும்போது இந்த ரப்பர் எஃகைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விரியும், பள்ளத்தில் அதற்கு இடம் விடவில்லை.

இதற்கும் மேலே ஏதாவது இருக்கிறதா?

ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லாத எஃப்.எஃப்.கே.எம்.; கால்ரெஸ் அதில் பிரபலமான பெயர். கீட்டோன், காரம், அமீன் எல்லாவற்றையும் ஏறத்தாழத் தாங்கும். ஓர் ஓ-ரிங்கின் விலையைக் கேட்டால் இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொள்வீர்கள். செமிகண்டக்டர் ஆலைகளில் மாற்று வழியில்லாமல் வாங்குகிறார்கள். காரமும் அமீனும் நீராவியும்தான் பிரச்சினை என்றால், டெட்ராஃப்ளோரோஎத்திலீனும் புரொப்பிலீனும் சேர்ந்த ஆஃப்லாஸ் நடுவில் நிற்கும். குளிர் அதற்கும் ஆகாது.

வாட்ச் ஸ்ட்ராப்பில் இருப்பதும் இதுவா? உடம்புக்குக் கெடுதலா?

ஆப்பிள் 2015-இல் தன் வாட்ச் ஸ்போர்ட் பட்டைகளுக்கு ஃப்ளோரோஎலாஸ்டமரைத்தான் எடுத்தது. வியர்வை, தோல் எண்ணெய், சன்ஸ்கிரீன் எதிலும் கெடாது என்பது காரணம். சர்ச்சை வேறு இடத்தில் இருக்கிறது. எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்களின் பெரிய வரையறைக்குள் ஃப்ளோரின் ரப்பர்களும் வருகின்றன. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் அவற்றைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பிய ரசாயன முகமையிடம் கொடுத்தன. 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் இந்தத் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. என் கணக்கில், பெரிய கவலை முடிந்த ரப்பரைவிட அதைத் தயாரிக்கும்போது பயன்படும், நீரில் கலக்கும் ஃப்ளோரின் சோப்புப் பொருள்கள்மேல் இருக்க வேண்டும்.

ஆர்டர் போடும்போது என்ன சொல்ல வேண்டும்?

"வைட்டான், இத்தனை எம்.எம்." என்பது போதாது. என்ன திரவம், அதில் என்ன கலந்திருக்கிறது, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, அசையும் சீலா அசையாததா என்பதைச் சொல்லி, ஃப்ளோரின் சதவீதமும் க்யூர் வகையும் எழுத்தில் கேளுங்கள். சுத்தம் செய்ய லைனில் எதை ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்; நாள் முழுக்க எண்ணெய் ஓடும் லைனில் வாரம் ஒருமுறை சூடான காஸ்டிக் விட்டால், அந்த ஒருமுறைதான் தீர்ப்பு எழுதும். இருப்பு வைப்பது பற்றிக் கவலை வேண்டாம். வெயிலும் சூடும் படாமல் வைத்தால் பத்து ஆண்டு, பரிசோதித்துவிட்டு மேலும் ஐந்து ஆண்டு என்று ஐ.எஸ்.ஓ. 2230 அனுமதிக்கிறது.

தீயில் கருகிய எஞ்சினில் இந்த சீல் இருந்தால் ஆபத்தா?

ஆபத்துதான். 300 டிகிரியைத் தாண்டிச் சிதையத் தொடங்கினால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும், வலி சில மணி நேரம் கழித்தே தெரியவும் கூடும். கருகிப் பிசுபிசுத்துக் கிடக்கும் ஓ-ரிங்கையோ சீலையோ வெறுங்கையால் தொடாதீர்கள். நியோப்ரீன் கையுறையும் கண்ணாடியும் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தோலில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் "ஹைட்ரோஃப்ளோரிக்" என்ற சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும், வெறும் ஆசிட் என்று சொன்னால் சாதாரண ஆசிட் காயமாக நினைத்துவிடுவார்கள்.